வெள்ளிக்கிழமை தவிர: நெல்லையில் பிள்ளைகளோடு நாலு நாள்

ஷார்ஜாவிலிருந்து இரண்டு வருடம் கழித்து ஊருக்கு வந்திருந்தோம், மார்ச் கடைசி. கல்யாணம், சடங்கு என்று எதுவும் இல்லாத பயணம், அதனால் காலையில் கிளம்பி சாயங்காலம் பாளையங்கோட்டைக்குத் திரும்புகிற மாதிரி இடங்களாகப் பார்த்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவு. மகளுக்கு 13, மகனுக்கு 8. இரண்டு பேருக்கும் ஊர் என்றால் ஆச்சி வீடும் அல்வாவும்தான்.

முதல் நாளே சொதப்பல். ஷார்ஜாவில் வெள்ளிக்கிழமை லீவு, அந்த நினைப்பிலேயே வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்து பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்து வாசலில் போய் நின்றேன். பூட்டியிருந்த கேட்டைப் பார்த்த பிறகுதான் உறைத்தது, நம்மூர் அரசு அருங்காட்சியகங்களுக்கு வார விடுமுறையே வெள்ளிக்கிழமைதான். தப்பு முழுக்க என்னுடையது. அத்தான் பேசிவிட்ட வாடகை வண்டி, ஓட்டி வந்த அண்ணாச்சிக்கு இது முன்பே தெரியும்போல. "நீங்க சொன்னீங்க, நான் வந்தேன்" என்றார். அப்புறம் அவரே கொக்கிரகுளத்துக்கு வண்டியைத் திருப்பினார்.

மாவட்ட அறிவியல் மையம் 1987-ல் திறந்தது, தாமிரபரணிக் கரையிலேயே இருக்கிறது. நான் ஆறாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் புளியோதரைப் பொட்டலத்தோடு கூட்டிப்போன இடம். தோட்டத்து டைனோசரைப் பார்த்ததும் மகன் ஓடிவிட்டான், நான் எந்த டைனோசர் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தேன் என்று கேட்டுக்கேட்டு உயிரை வாங்கினான். எல்லாம் தொட்டுப் பார்த்து, திருகிப் பார்த்து விளையாடுகிற சாமான்கள். எட்டு வயதுக்குச் சரியான இடம், பதின்மூன்றுக்கு ஒரு மணி நேரம் தாங்கும்.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இதுதான் பெரிய தொல்லை. பார்க்கிங், இளநீர், பிள்ளை கேட்கிற ஐஸ், எங்கே போனாலும் முதலில் நீட்டுவது க்யூஆர் அட்டையைத்தான். என் போனில் இருப்பது ஷார்ஜா நம்பர், யூபிஐ கிடையாது. ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் சில்லறை இல்லை என்கிறார்கள். கடைசியில் அண்ணாச்சி ஜிபேயில் கட்டுவார், நான் டைரியில் எழுதிக்கொள்வேன் என்று ஏற்பாடாகிவிட்டது.

மறுநாள் ஆதிச்சநல்லூர். திருச்செந்தூர் ரோட்டில் 25 கிலோமீட்டருக்குள், ஆற்றுக்குத் தென்கரையில் இருக்கிற மேடு. பரம்பு என்பார்கள். சின்ன வயதில் இந்த வழியாக எத்தனை தடவை திருச்செந்தூர் போயிருப்பேன், ஒரு தடவைகூட இறங்கியதில்லை. தோண்டிய குழியை மூடாமல், அந்தக் காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த தாழிகளைக் கிடந்த இடத்திலேயே விட்டு, மேலே கண்ணாடித் தளம் போட்டு 2023-ல் திறந்திருக்கிறார்கள். அந்தக் கண்ணாடி மேல் கால் வைக்க மகனுக்கு முதலில் பயம். என் கையைப் பிடித்து நாலு அடி வைத்தான், அப்புறம் முழங்காலில் உட்கார்ந்தான், அப்புறம் முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டான். கீழே செம்மண்ணில் வயிறு புதைந்து, வாய் உடைந்து தாழிகள், ஒன்றுக்குப் பக்கத்தில் குட்டிச் சட்டிகள். மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது, சட்டைக் கையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். "உள்ளே இருந்தவங்களுக்குக் கால் வலிக்காதா?" என்று கேட்டான். எலும்பாகத்தான் வைத்திருப்பார்கள் என்று சொல்லிப் பார்த்தேன், அவனுக்குச் சமாதானமாகவில்லை.

மகள் கேட்டது வேறு. யாகோர் என்ற ஜெர்மானியர் 1876-ல் இங்கே தோண்டிக் கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார், இருபது வருடத்துக்கு மேல் கழித்து தொல்லியல் துறை அலெக்சாண்டர் ரீ வந்து தோண்டியெடுத்த தங்க நெற்றிப்பட்டம், வெண்கலம், இரும்பு எல்லாம் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின என்று சொன்னேன். "அப்போ இந்த ஊர்க்காரங்களுக்குப் பானைதான் மிச்சமா?" என்றாள். பக்கத்தில் சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்த நெல்லுக்கு 3,200 வருடம் வயது என்று கணக்கிட்டிருக்கிறார்கள், அதைச் சொல்லிப் பேச்சை மாற்றினேன். ராத்திரி போட்டோவைப் பார்த்த ஆச்சிக்கு இதெல்லாம் பெரிதாகவே படவில்லை. "எங்க வீட்டுக் குலுக்கையில பாதிகூட இல்லையே" என்றாள். நெல் கொட்டிவைக்கிற பெரிய மண் பாண்டம்தான் குலுக்கை. அது என்ன என்று ஆரம்பித்து இரண்டு பேரும் பத்து மணி வரை அவளை விடவில்லை.

மூன்றாம் நாள் அகஸ்தியர் அருவி. குற்றாலத்துக்கு அது சீசன் இல்லை, இங்கே தண்ணீர் விழுந்தது, குளித்தோம். 1988-ல் அறிவித்த களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வருகிற இடம், செக்போஸ்டில் பிளாஸ்டிக்கைப் பார்ப்பார்கள், சோப்பு, எண்ணெய் கூடாது. முறுக்குப் பாக்கெட்டை எல்லாம் வீட்டிலேயே தூக்குச்சட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

கடைசியாக கூந்தன்குளம். இதற்கு மட்டும் விடியுமுன் கிளம்புங்கள், ஒன்பது மணிக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும். மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணீர் வந்து நிறைகிற குளம், 1994-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். ஆனால் பார்க்க வேண்டியது குளத்தை மட்டும் இல்லை, ஊருக்குள் நடக்க வேண்டும். வீட்டு வாசல் மரங்களில் மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன, எச்சம் விழுந்து விழுந்து இலையெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. கருவாட்டு வாடை. மகன் தொப்பியில் ஒன்று விழுந்தது, அன்றைய தினத்தின் சிறந்த நிகழ்ச்சி அவனுக்கு அதுதான். வாசல் தெளித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் இந்த நாற்றத்தில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டே விட்டேன். "பிள்ளை பெத்த வீட்டுல வாடை இருக்கத்தானே செய்யும்" என்றார். இந்த ஊரில் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை, எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு உரமாக அள்ளிக்கொள்கிறார்கள். இமயமலையைத் தாண்டி வருகிற பட்டைத்தலை வாத்துகளைக் காட்ட ஆசைப்பட்டேன், மார்ச் கடைசி என்பதால் எங்கள் கண்ணில் ஒன்றும் படவில்லை. ஜனவரி, பிப்ரவரியில் வருகிறவர்களுக்குக் கொடுத்துவைத்திருக்கிறது. பைனாகுலர் கையோடு கொண்டுபோங்கள்.

கழிப்பறை பற்றிக் கேட்பீர்கள். இந்த நாலு நாளில் ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், புதிதாகக் கட்டி டைல்ஸ் ஒட்டிப் பளபளவென்று இருந்தது, பூட்டும் புதிது. சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருந்தார். மகளை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றோம், அப்புறம் அண்ணாச்சிதான் தெரிந்த டீக்கடைக்காரர் வீட்டுக்குக் கூட்டிப்போனார். பெண்பிள்ளைகளோடு போகிறவர்கள் காலையில் ஹோட்டலில் சாப்பிடும்போதே இந்த வேலையையும் முடித்துவிடுவது நல்லது.

கிளம்புகிற நாள் அண்ணாச்சியிடம் கணக்கு முடித்தோம். வாடகை போக அவர் ஜிபேயில் கட்டியது 1,340 ரூபாய், நான் டைரியில் எழுதியதும் அதேதான். மூன்று ஐந்நூறு ரூபாய்த் தாள் கொடுத்தேன். சட்டைப்பையைத் துழாவிவிட்டு, "சில்லறை இல்லியே, மீதியை ஜிபேயில போட்டுவிடட்டுமா?" என்றார்.