மன்மதனின் ஐந்து கணைகள் என்று விற்கும் அத்தர் பெட்டி: வாங்கும் முன் இதைப் படியுங்கள்

இன்ஸ்டாகிராமில் ஒரு விற்பனையாளரிடம் 3,999 ரூபாய் கொடுத்து வாங்கிய அத்தர் பெட்டியைப் பற்றிய எச்சரிக்கை இது. புகார் இன்னும் முடியாததால் கடைப் பெயரைப் போடவில்லை. போட்டாலும் பெரிய பயன் இருக்காது. இதே சரக்கு வேறு வேறு பெயரில், வேறு வேறு பக்கங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் சரக்கின் அங்க அடையாளத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கரும்பு வில் செதுக்கிய சின்ன மரப்பெட்டி. உள்ளே 6 மில்லி குப்பிகள் ஐந்து: தாமரை, அசோகு, மா, முல்லை, நீலோற்பலம். மன்மதனின் ஐந்து மலர்க்கணைகளும் அப்படியே. கூடவே ‘அசல் கஸ்தூரி’ 3 மில்லி இலவசம். விளம்பரத்தில் சொன்னது: நூறு சதவீதம் இயற்கை, கன்னோசு என்ற ஊரில் செப்புப் பானையில் காய்ச்சியது, ஆல்கஹால் இல்லாதது. கடைசியாகச் சொன்ன அந்த ஒன்று மட்டும் உண்மை.

புராணப் பெயர் வைத்து வாசனை விற்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உண்மையைச் சொன்னால் அந்த வகைதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பாற்கடல், நாகலோகம், கந்தர்வர்கள், டிராகன் குகை என்று கதையை வைத்துக்கொண்டு, அது எப்படி மணக்கும் என்று ஒருவர் யோசித்துக் கலக்குவது நல்ல கற்பனை வேலை. வெர்சாச்சி நிறுவனம் கிரேக்கக் காதல் கடவுளின் பெயரில் ‘ஈராஸ்’ விற்கிறது. உள்ளே புதினா, பச்சை ஆப்பிள், வெனிலா என்றுதான் சொல்கிறார்கள். கடவுளைப் பிழிந்து ஊற்றியதாக யாரும் சொல்வதில்லை. குப்பியின் பெயர் கதையாக இருக்கலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதும் இடத்திலும் கதை விடுவதுதான் மோசடி.

பெட்டி வந்த அன்றே சந்தேகம் வந்தது. தாமரைக் குப்பி ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தது. நீலோற்பலம் நல்ல பளீர் நீலம். பூவின் நிறம் எண்ணெயில் அப்படி இறங்காது. மல்லிகையிலிருந்து எடுக்கும் அசல் சாறு, பூ எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும், பழுப்புச் சிவப்பில் கெட்டியாக இருக்கும். இங்கே வெள்ளைக் கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டால் நீலம் வட்டமாகப் பரவி, இரண்டு முறை துவைத்தும் போகவில்லை. முல்லை என்று எழுதிய குப்பியைத் திறந்ததும் வாழைப்பழ மிட்டாய் வாசம். பென்சைல் அசிடேட் என்ற பொருளை மல்லிகை வாசனைக்காக மலிவான சரக்கில் அள்ளிப் போடுவார்கள், அதன் வாசம் இப்படித்தான் இருக்கும். அசல் முல்லையிலும் அது உண்டு, ஆனால் பின்னால் ஒரு கனத்த, லேசாக அழுகிய பூவின் நெடியும் சேர்ந்து வரும். அந்தக் கனம் இல்லாத முல்லையை நம்பாதீர்கள்.

எல்லாவற்றையும்விட ஸ்டிக்கர். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்ததில் வேர்த்துப்போய் அசோகுக் குப்பியின் ஸ்டிக்கர் ஓரம் கிளம்பியது. நகத்தால் உரித்தேன். அடியில் இன்னொரு ஸ்டிக்கர், ஆங்கிலத்தில் ‘ஒயிட் மஸ்க்’ (செயற்கைக் கஸ்தூரி வாசனை) என்று அச்சடித்து, பக்கத்தில் பேனாவால் ஒரு நம்பர். யாரோ மொத்த வியாபாரியின் குப்பியை, பழைய லேபிளைக்கூட உரிக்காமல், மேலே மயிலும் அசோகக் கிளையும் போட்ட தாளை ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

திருவல்லிக்கேணியில் நான் வழக்கமாக வாங்கும் அத்தர் கடை பாயிடம் மொத்தப் பெட்டியையும் கொண்டுபோனேன். அவர் ஒவ்வொன்றையும் காகிதப் பட்டையில் தொட்டு, வரிசையாக மேசை விளிம்பில் செருகி வைத்துவிட்டு டீ சொன்னார். டீ வந்து, குடித்து, இரண்டு வாடிக்கையாளர்களை அனுப்பிய பிறகுதான் பட்டைகளை எடுத்து முகர்ந்தார்.

“அம்மா, தாமரை, அசோகு, நீலோற்பலம் மூணும் ஒரே கேனும்மா. கலர்தான் வேற.”

எனக்கும் கொடுத்தார். மேலே மிதக்கும் வாசனை பறந்த பிறகு மூன்றிலும் மிச்சமிருந்தது ஒரே சோப்பு வாசம்தான். “எல்லாம் டிஇபியில கலக்குனது. நானும் சிந்தெடிக் விக்கிறேம்மா, இல்லைங்கல. சிந்தெடிக்னு சொல்லித்தான் விக்கிறேன். இந்தச் சரக்கு எங்கிட்ட எண்பது ரூபா” என்றார். டிஇபி என்பது டை எத்தில் தாலேட். வாசனைத் தொழிலில் எண்ணெயை நீர்க்கச் செய்யவும், வாசனையைப் பிடித்து வைக்கவும் சாதாரணமாகப் பயன்படுத்தும் திரவம்தான். விஷம் என்று அலறத் தேவையில்லை. ஆனால் ‘நூறு சதவீதம் இயற்கை’ என்று எழுதிய குப்பிக்குள் அதற்கு வேலை கிடையாது.

கன்னோசு பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த ஊர்ப் பெயரைத்தான் எல்லோரும் முத்திரையாகக் குத்துகிறார்கள். உத்தரப் பிரதேசத்தில் இருக்கிறது. அங்கே ‘டேக்’ என்னும் செப்புப் பானையில் பூவும் தண்ணீரும் போட்டு, மூடியைக் களிமண்ணால் அடைத்து, மூங்கில் குழாய் வழியாக ஆவியை ‘பப்கா’ என்னும் கழுத்து நீண்ட பாத்திரத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தப் பாத்திரத்தில் ஏற்கெனவே சந்தன எண்ணெய் இருக்கும், பூவின் வாசனையை அது குடித்துக்கொள்ளும். ரோஜா, தாழை, வெட்டிவேர், ஏன் மழை பெய்த மண்ணின் வாசனையைக்கூட இப்படி எடுக்கிறார்கள். சந்தன விலை ஏறிய பிறகு அங்கேயும் பலர் பாரஃபின் எண்ணெய், டிஇபி என்று மாறிவிட்டார்கள். ஆகவே கன்னோசிலிருந்து வந்தது என்பதே சுத்தத்துக்கு உத்தரவாதம் இல்லை. அடிப்படை எண்ணெய் எது என்று கேளுங்கள். நேர்மையான ஆள் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்.

விலையையும் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்குச் சுமார் 3,500 முதல் 4,000 கிலோ இதழ் வேண்டும். மல்லிகை இன்னும் செல்லம், பானையில் காய்ச்சினால் அதன் வாசனை கெட்டுவிடும். அதனால்தான் சத்தியமங்கலம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஹெக்சேன் போன்ற கரைப்பானில் அதன் சாற்றை எடுக்கிறார்கள். அந்தச் சாறு கிலோ மூன்று லட்சம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 6 கிராமுக்கே 1,800 ரூபாய். தாமரையும் நீல ஆம்பலும் அதைவிடக் கூடுதல். அசோகப் பூவில் எண்ணெய் எடுத்து விற்கும் ஆளை நான் இதுவரை பார்த்ததே இல்லை. ஐந்தும் சேர்த்து, மரப்பெட்டியும் கொடுத்து, கஸ்தூரியையும் இலவசமாகத் தந்து 3,999 என்றால் கணக்கு எங்கே உதைக்கிறது என்று தெரியும்.

அந்தக் கஸ்தூரிதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. விற்பனையாளரிடம் கேட்டேன், “இது கஸ்தூரி வெண்டை விதை எண்ணெயா, சிந்தெடிக்கா?” பதில் வந்தது: “அய்யோ இல்லக்கா, அசல் மான் கஸ்தூரி. ஹிமாலயாஸ்ல இருந்து நேரா வருது.” அந்த உரையாடலைப் படம் பிடித்து வைத்திருக்கிறேன். கஸ்தூரி மான் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு. அதன் கஸ்தூரியைக் கடத்தினால், விற்றால், சட்டவிரோதமாக வைத்திருந்தால் குறைந்தது 3 ஆண்டு சிறை, 7 ஆண்டு வரை போகலாம். இந்த ஆள் சொன்னது உண்மையென்றால் என் அலமாரியில் ஒரு குற்றப் பொருள் இருக்கிறது. பொய்யென்றால் வெறும் ஏமாற்று. மூன்றாவது வழி எதுவும் கிடையாது. பாய் முகர்ந்துவிட்டுச் சிரித்தார், துணி சோப்பில் போடும் மலிவான மஸ்க்காம். அந்த மட்டில் நிம்மதி. ஆய்வகத்தில் உருவாக்கும் மஸ்க்குகள் 1888இலிருந்து இருக்கின்றன. ஆல்பர்ட் பவர் என்ற ஜெர்மன் வேதியியலர் வெடிமருந்து ஆராய்ச்சியின்போது தற்செயலாகக் கண்டது முதலாவது. கஸ்தூரி வெண்டை விதையிலிருந்து வரும் எண்ணெயும் சட்டப்படியானது, அருமையாக மணக்கும். மானைக் கொல்லாமலே கஸ்தூரி வாசனை கிடைக்கும்போது ‘அசல் மான்’ என்று பெருமை பேசுகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ஆரம்பித்தது அடுத்த கூத்து. முதலில் “உங்க பாடி ஹீட்டுக்கு செட் ஆகலக்கா”. கழுத்தில் பூசிய இடம் சிவந்து அரித்ததைப் படம் எடுத்து அனுப்பினேன். “நேச்சுரல்னா முதல்ல அப்படித்தான் இருக்கும், டாக்ஸின் வெளியே வருது” என்றார்கள். இதைப் படித்துச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. பரிசோதனை அறிக்கை கேட்டதற்கு ஒரு படம் வந்தது. மேலே நிறுவனப் பெயர் வெட்டப்பட்டிருந்தது, உள்ளே படித்தால் அது சந்தன எண்ணெயின் அறிக்கை. என் பெட்டியில் சந்தனக் குப்பியே கிடையாது. ஸ்டிக்கருக்கு அடியில் ஸ்டிக்கர் இருந்த படத்தை அனுப்பியதும் “திறந்த பாட்டில் ரிட்டர்ன் கிடையாது” என்று ஒரு வரி, அப்புறம் பிளாக். அவர்களின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் நான் போட்ட கமெண்டும் காணவில்லை.

திறந்த குப்பி என்று அவர்கள் சொல்வது சட்டத்தில் அவ்வளவு எளிதாக நிற்காது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும், பணத்தைத் தர மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ரசீதில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் என்று அதிலேயே இருக்கிறது. லேபிளும் கைகொடுக்கும். வாசனைத் திரவியம் சட்டத்தின் பார்வையில் அழகுசாதனப் பொருள். தயாரித்தவர் பெயர், முழு முகவரி, தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், உபயோகிக்க வேண்டிய காலம், அதிகபட்ச விலை எல்லாம் இருக்க வேண்டும். என் குப்பிகளில் இருந்தது ஒரு இன்ஸ்டாகிராம் ஐடி மட்டும்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிட்டுப் புகார் எண் வாங்கினேன், தமிழிலேயே பேசினார்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் வசிக்கும் ஊரிலேயே மனு போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே செய்யலாம். ஒரே சிக்கல் எதிர்த்தரப்பு முகவரி. பக்கத்தில் ஊர்ப் பெயர்கூட இல்லை. யூபிஐயில் வந்த பெயரும் கடைப் பெயரும் வேறு. கடைசியில் காப்பாற்றியது கூரியர் உறை. அனுப்பியவர் முகவரியும் பின்கோடும் அதில் பிரிண்ட் ஆகியிருந்தன. பழைய பேப்பரோடு போட இருந்த உறை அது.

ஆணையத்தில் மனு பதிவாகிவிட்டது. விற்பனையாளர் வேறொரு எண்ணிலிருந்து கூப்பிட்டு, பாதிப் பணம் தருகிறேன், வெளியே எதுவும் எழுதாதீர்கள் என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். இதே கரும்பு வில் பெட்டி உங்களிடமும் இருந்தால் ஒரு குப்பியின் ஸ்டிக்கரை மெதுவாக உரித்துப் படம் எடுத்து வையுங்கள், கூரியர் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், பணம் கட்டிய யூபிஐ விவரத்தோடு எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். பலர் சேர்ந்து ஒரே மனுவாகப் போட முடியுமா என்று ஒரு வக்கீலிடம் கேட்டிருக்கிறேன், பதில் வந்ததும் இங்கேயே சேர்க்கிறேன்.