கட்டுப்பாட்டுச் சுற்றுக்கு 230 வோல்ட்டா, 24 வோல்ட்டா?

கொழும்பில் கிராண்ட்பாஸ், மட்டக்குளிப் பக்கத்துப் பட்டறைகளில் நான் திறந்து பார்த்த பழைய மின் பெனல்கள் பலவற்றின் கட்டுப்பாட்டுச் சுற்றில், அதாவது பொத்தான்களுக்கும், மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கொன்டாக்டரின் சுருளுக்கும், நேரே 230 வோல்ட்தான் ஓடுகிறது. செலவு குறைவு, தனி மின்வழங்கி தேவையில்லை. ஆனால் நிறுத்தும் பொத்தானைத் திறந்து பழுது பார்ப்பவரின் விரல், உயிரைப் பறிக்கும் மின்னழுத்தத்துக்கு அருகில் இருக்கிறது. இன்னொரு ஆபத்தைப் பலர் அறிவதில்லை. ஆடலோட்ட (ஏ.சி.) கேபிள் மிக நீளமானால், கம்பிகளுக்கிடையிலான மின் கொள்ளளவு வழியே கசியும் மின்னோட்டமே சிறு ரிலேயை (மின்காந்த ஆளியை) விடாமல் பிடித்து வைக்கக்கூடும். நிறுத்தும் பொத்தானை அழுத்தியும் இயந்திரம் நிற்காது!

24 வோல்ட் நேரோட்டத்தில் (டி.சி.) இந்த இரண்டு அச்சமும் பெருமளவு நீங்குகின்றன. பி.எல்.சி. என்னும் கட்டுப்பாட்டுக் கணினியும் சென்சார்களும் அதிலேயே இயங்கும். ஆனால் நீண்ட கேபிளில் மின்னழுத்தம் குறையும், ஆகவே கம்பியின் தடிப்பைக் கணக்கிட வேண்டும். எதிர்முனையைப் புவியுடன் இணைத்து, நேர்முனையில் உருகி (பியூஸ்) வையுங்கள். அப்போது நேர்முனைக் கம்பி இயந்திரத்தின் உலோக உடலோடு உரசினால் உருகி எரியும். இயந்திரம் தானாக ஓடாது.

புதிய பெனலுக்கு நான் 24 வோல்ட்டையே கேட்பேன். எதுவானாலும் அவசர நிறுத்தம், வழமையாக மூடியிருக்கும் தொடுகையாகவே (அழுத்தும்போது மட்டும் மின்சுற்றைத் துண்டிப்பதாக) இருக்கட்டும்: கம்பி அறுந்தாலும் இயந்திரம் நிற்கும்.