"20 ஆம்பியர்" ஸ்டிக்கரை நம்பி 8 கிலோ பிளேனைத் தொலைச்சேன், நீங்க மாட்டிக்காதீங்க

ரிமோட்ல பறக்க விடற பெட்ரோல் மாடல் பிளேன் வச்சிருக்கிறவங்க, வாங்கப்போறவங்க இத ஒருதடவ படிச்சிருங்க. பேட்டரி வோல்ட்டேஜ இறக்கிக் குடுக்கிற ஒரு ரெகுலேட்டர வாங்கி ஏமாந்த கதை. கடை பேரு போடல, போட்டா அது வேற பஞ்சாயத்து ஆயிரும்.

என்னோடது 50 சிசி, 8 கிலோ பால்சா மரப் பிளேன், எட்டு மாசம் ராத்திரி ராத்திரி உக்காந்து கட்டினது. ரெக்கைக்கு ரெண்டு, வால்ல ஏத்தி இறக்கிற எலிவேட்டருக்கு ரெண்டு, இடது வலது திருப்பற ரட்டருக்கு ஒண்ணுனு அஞ்சு பெரிய டிஜிட்டல் சர்வோ (இதையெல்லாம் அசைக்கிற மோட்டார்), இன்ஜின் த்ராட்டிலுக்கு ஒரு சின்னது. பெருசு ஒவ்வொண்ணும் லோடு தாங்காம முட்டி நின்னா 4 ஆம்பியர் இழுக்கும், அதனால சர்வோவுக்குத் தனி பவர் வேணும். 2எஸ் லைப்போ (ரெண்டு செல் லித்தியம் பேட்டரி) ஃபுல் சார்ஜ்ல 8.4 வோல்ட், என் சர்வோ அதத் தாங்காது, நடுவுல 6 வோல்ட்டுக்கு இறக்க ஒரு ரெகுலேட்டர் வேணும்னு ஆன்லைன் கடை ஒண்ணுல போன் போட்டுக் கேட்டேன். "20 ஆம்பியர் ஐட்டம் இருக்குதுங்ணா, 50 சிசிக்கு தாராளம், நேரா ரிசீவர்ல சொருகிருங்க, வேற ஒண்ணும் வேண்டாம்"னாரு கடைக்காரரு. ரிசீவர்னா ரிமோட் சிக்னல வாங்கி சர்வோவுக்குக் குடுக்கிற பெட்டி. 1,850 ரூபா.

பார்சல் பிரிச்சப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். அதுல இருந்து வெளிய வந்தது சாதா சர்வோ ஒயரு, சாதா சர்வோ பிளக்கு. அந்தப் பின்னு நாலஞ்சு ஆம்பியர் தாங்கினாலே பெரிய விஷயம், இதுல 20 எப்படிப் போகும்? ஸ்டிக்கர் பளபளன்னு இருந்துச்சு, நம்பிட்டேன், என் தப்பும் இருக்கு.

மூணு ஃப்ளைட் நல்லாத்தான் போச்சு, மெதுவா சுத்திச் சுத்தி வந்தேன். நாலாவதுல கொஞ்சம் தைரியம் வந்து ஸ்டிக்க ஒரே மூலைக்கு இழுத்து, பிளேன் சடார்னு சுழல்ற ஸ்னாப் ஒண்ணு போட்டேன், அஞ்சு சர்வோவும் ஒண்ணா உதற, அவ்ளோதான், கையில கண்ட்ரோலே இல்ல. வோல்ட்டேஜ் சடார்னு இறங்கி ரிசீவர் அணைஞ்சு திரும்ப ஸ்டார்ட் ஆகியிருக்கு, பல ரிசீவர் 3.5 வோல்ட்டுக்குக் கீழ போனா அப்படித்தான். கொடுமை என்னன்னா இன்ஜின் பிளக்குக்குப் பொறி குடுக்கிற இக்னிஷனுக்குத் தனி பேட்டரி, அதனால இன்ஜின் மட்டும் ஒரு குறையும் இல்லாம உறுமிக்கிட்டே போய் சோளக்காட்டுல குத்திருச்சு. காட்டுல ஆள் இல்ல, சாமி புண்ணியம்.

வீட்டுக்கு வந்து அதே ரெகுலேட்டர்ல காரு ஹெட்லைட் 55 வாட் பல்பு மாட்டிப் பாத்தேன். 6 வோல்ட்ல ஒரு பல்பு சுமாரா 3 ஆம்பியர் இழுக்கும். ஒண்ணுக்கு 5.8 வோல்ட் காட்டுச்சு, ரெண்டாவது போட்டதும் 4.4, மூணாவதுக்கு மூச்சே நின்னுருச்சு. ரெகுலேட்டர் மேல இருந்த பிளாஸ்டிக் சுருக்கு ட்யூப கிழிச்சா உள்ள கட்டை விரல் நகம் அளவு போர்டு, சிப்பு நம்பர உரசி அழிச்சிருக்காங்க. வீடியோ எடுத்து கடைக்காரருக்கு அனுப்பினேன். "ட்யூப கிழிச்சிட்டீங்க, வாரண்டி போச்சுங்ணா, அது பைலட் மிஸ்டேக்"னு சொல்லிட்டு அடுத்த நாள் நம்பரையே பிளாக் பண்ணிட்டாரு.

இப்போ புது பிளேன்ல ரெகுலேட்டரே வேண்டாம்னு ரெண்டு 6.6 வோல்ட் லைஃப் (LiFe, லித்தியம்-இரும்பு) பேட்டரி, ரெண்டு ஸ்விட்ச்சு, தடி ஒயர்ல தனி பவர் போர்டு. சர்வோ எல்லாம் கரண்ட்ட அங்க இருந்து எடுத்துக்கும், ரிசீவர்ல இருந்து சிக்னல் மட்டும். கிரவுண்ட் (நெகட்டிவ்) ஒயர மட்டும் பவர் போர்டு, ரிசீவர் ரெண்டுக்கும் சேத்து விடுங்க, மறந்தா சர்வோ பேய் புடிச்ச மாதிரி ஆடும். லைஃப் சார்ஜ்ல இருந்து எடுத்த உடனே 7.2 வோல்ட் இருக்கும், உங்க சர்வோ அதத் தாங்குமான்னு பாத்துக்கங்க. ரெகுலேட்டர்தான் வேணும்னா பறக்கிறதுக்கு முன்னாடி மெக்கானிக் கடையில பழைய ஹெட்லைட் பல்பு மூணு வாங்கி மாட்டிப் பாருங்க, 100 ரூபாகூட ஆகாது.

நேத்து அந்தக் கடை வெப்சைட்ட சும்மா தொறந்து பாத்தேன். அதே போர்டு, அதே ஒயரு, இப்போ 30 ஆம்பியர்னு புது ஸ்டிக்கரு, விலை 2,400.