காட்டுத்தீப் புகைக்கு எது உகந்தது: கடையில் வாங்கும் சுத்திகரிப்பானா, வீட்டில் கட்டும் பெட்டியா?

2023இல் கனடாவில் 1.5 கோடி ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம் எரிந்தது. கியூபெக்கில் மூண்ட தீயின் புகை ஜூன் மாதம் ரொறன்ரோவை மூடியபோது, உலகின் மிக மோசமான காற்றுள்ள பெருநகரங்களின் வரிசையில் இந்த நகரமும் முன்னுக்கு வந்தது. 2025 ஜூலையில் மீண்டும் அதே நிலை ஏற்பட்டதால், இதை எப்போதோ ஒருமுறை வந்துபோகும் அனர்த்தமாகக் கருத இனி இடமில்லை. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் உள்ள எங்கள் வீட்டில் அம்மாவுக்குத் தொய்வு (ஆஸ்துமா) இருப்பதால், நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி கொண்ட, கடையில் வாங்கிய காற்றுச் சுத்திகரிப்பானையும், மின்விசிறியோடு வடிகட்டிகளைச் சேர்த்து நாங்களே கட்டிய கோர்சி–ரோசென்தால் பெட்டியையும் பாவித்திருக்கிறோம். என் சாய்வு பெட்டியின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

யன்னல்களைச் சாத்துவது, புகை நாளில் வெளியே ஓடப் போகாமல் இருப்பது, போக வேண்டியிருந்தால் துணி முகக்கவசத்தை விட்டு முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்95 அணிவது ஆகியவை பலரும் அறிந்தவை. ஓசோனை வெளிவிடும் கருவிகளை எந்தப் பெயரில் விற்றாலும் வாங்க வேண்டாம். ஓசோன் நுரையீரலை உறுத்தும் வாயு.

காகிதத்தில் பார்த்தால் ஹெப்பாவே வெல்கிறது. 0.3 மைக்ரோன் அளவுத் துகள்களில் அது 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். மெர்வ் என்பது வடிகட்டிகளின் தர அளவுகோல்; பெட்டியில் பயன்படும் மெர்வ் 13 வடிகட்டிக்கோ 0.3 முதல் 1 மைக்ரோன் வரையான துகள்களில் 50 சதவீதத்தைப் பிடித்தாலே அந்தத் தரம் கிடைத்துவிடும். காட்டுத்தீப் புகையின் நுண்துகள்களில் பெரும்பகுதி ஒரு மைக்ரோனுக்கும் சிறியது என்பதால் இந்த வித்தியாசம் அச்சமூட்டக்கூடும். ஆனால் அறையின் காற்று வடிகட்டிக்குள் ஒருமுறை மட்டும் போய் வருவதில்லை, திரும்பத் திரும்பப் போகிறது. எனவே ஒரு தடவையில் எவ்வளவு பிடிக்கிறது என்பதோடு, நிமிடத்துக்கு எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். சி.ஏ.டி.ஆர். என்ற அளவு அதைத்தான் சொல்கிறது: நிமிடத்துக்கு எத்தனை கன அடி சுத்தமான காற்று கிடைக்கிறது என்பது. காட்டுத்தீப் புகைக்கு, அறையின் பரப்பு எத்தனை சதுர அடியோ அத்தனை சி.ஏ.டி.ஆர். வேண்டும் என்பது அமெரிக்க வீட்டுக் கருவி உற்பத்தியாளர் சங்கத்தின் பரிந்துரை. படுக்கையறைக்கென்று விற்கப்படும் சிறிய கருவிகள் பல 100, 150 என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றன. 300 சதுர அடி வரவேற்பறைக்குப் போதுமான ஹெப்பா கருவி வேண்டுமென்றால் விலை சட்டென்று ஏறிவிடுகிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நடந்த அளவீட்டிலோ கோர்சி–ரோசென்தால் பெட்டி 600க்கும் 850க்கும் இடைப்பட்ட சி.ஏ.டி.ஆரைக் காட்டியது. எங்களுக்குப் பெட்டியின் மொத்தச் செலவு நூறு டொலரைச் சற்றே தாண்டியது.

2020இல், கொவிட் காலத்தில், றிச்சர்ட் கோர்சி என்ற பொறியியற் பேராசிரியரும் ஜிம் ரோசென்தால் என்ற வடிகட்டி உற்பத்தியாளரும் பரப்பிய அமைப்பு இது. 20 அங்குலச் சதுர வடிகட்டிகள் நான்கைச் சுவர்களாக நிறுத்தி, அடியில் காகித மட்டை வைத்து, மேலே சதுர மின்விசிறியைக் காற்று மேல்நோக்கிப் போகும்படி படுக்கவைத்து, மூட்டுகளை டக்ட் ரேப்பால் ஒட்டினால் போதும். வடிகட்டியின் விளிம்பில் அச்சிடப்பட்டிருக்கும் அம்புக்குறி பெட்டியின் உட்பக்கத்தை நோக்க வேண்டும். விசிறியின் முகத்தில் வட்டத் துளையிட்ட மட்டையொன்றை ஒட்டி நான்கு மூலைகளையும் மூடிவிட்டால், வெளியேறிய காற்று மூலை வழியே பின்னுக்கு இழுபடுவது குறைந்து வேலைத்திறன் கூடுகிறது. ரேப்பை ஒட்டும்போது வடிகட்டியின் மட்டைச் சட்டத்தில் மட்டும் ஒட்டுங்கள், மடிப்புகளின் மேல் ஏறவிடாதீர்கள்.

என் தெரிவை முடிவுசெய்தது விலையும் அல்ல, சி.ஏ.டி.ஆரும் அல்ல, மாற்று வடிகட்டிதான். கடைக் கருவியின் கையேட்டில் வடிகட்டி ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் உழைக்கும் என்று போட்டிருப்பது வழக்கமான வீட்டுத் தூசியை மனத்தில் வைத்துச் சொன்ன கணக்கு. அடர்ந்த புகையில் அந்தக் கணக்கு செல்லாது. அதைவிட, பல கருவிகளில் 'வடிகட்டியை மாற்றவும்' என்று எரியும் விளக்கு எண்ணுவது ஓடிய மணித்தியாலங்களை மட்டுமே, படிந்த அழுக்கை அல்ல. புகை கிளம்பிய வாரத்தில், எங்கள் கருவிக்குப் பொருந்தும் வடிகட்டி எந்தக் கடையிலும் இருப்பில் இல்லை. ஒரே நிறுவனத்தின் ஒரே வடிவத்துக்குத்தான் அந்தக் கருவி இடம் கொடுக்கும். அந்த வடிகட்டியின் விலையோ கருவி விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மலிவான 'பொருந்தும்' வடிகட்டிகள் இணையத்தில் கிடைக்கின்றன என்றாலும், விளிம்பில் சிறு இடைவெளி இருந்தால்கூடக் காற்று அந்த வழியே நழுவிப் போய்விடுமாதலால் அவற்றை நம்பி அம்மாவின் அறையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பெட்டியில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. 20 அங்குலச் சதுரம் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ்களுக்கும் பாவிக்கும் பொது அளவு என்பதால், ஒரு நிறுவனத்துடையது தீர்ந்துபோனால் இன்னொன்றை வாங்கிக்கொள்ளலாம். சில நிறுவனங்கள் தங்கள் சொந்த அளவுகோலைப் பெரிதாக அச்சிட்டு மெர்வ் எண்ணை ஓரத்தில் சிறிதாகப் போடுகின்றன என்பதால், அதைத் தேடிப் பார்த்தே வாங்க வேண்டும். வெண்மையான மடிப்புகள் சாம்பல் நிறமாவது கண்ணுக்கு நேரே தெரிகிறது. எனினும் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. இவ்வகை வடிகட்டிகள் துகள்களைப் பிடிப்பதற்கு நாரில் ஏற்றப்பட்ட நிலைமின்னையும் சார்ந்திருக்கின்றன. புகைத் துகள் படியப்படிய அந்த மின்னேற்றம் பயனிழந்து, காற்று தாராளமாகப் போய்க்கொண்டிருக்கும்போதே பிடிக்கும் திறன் இறங்கிவிடக்கூடும். அதனால் நிறம் மாறியதும், அல்லது வடிகட்டியில் புகை நாற்றம் எழுந்ததும் நாங்கள் மாற்றிவிடுகிறோம்.

பெட்டியின் குறைகளையும் மறைப்பதற்கில்லை. இடத்தை அடைக்கிறது, பார்வைக்கு அழகில்லை, உயர் வேகத்தில் போட்டால் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்ட வேண்டியிருக்கிறது. விசிறி 2012இலோ அதற்குப் பின்னரோ தயாரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் அறிவுரை. அதற்கு முந்திய விசிறியை ஆளில்லாத நேரத்திலும் உறங்கும்போதும் ஓடவிடக் கூடாது. பல கோடைகள் ஓடினால் விசிறியின் மோட்டார் எப்படித் தாங்கும் என்று அனுபவத்திலிருந்து சொல்லும் அளவுக்கு எங்களுடையது இன்னும் பழையதாகவில்லை.

ஃபேர்னஸிலேயே மெர்வ் 13 போடுவது மூன்றாவது வழி. சொந்த வீட்டுக்காரர், அடர்ந்த வடிகட்டியால் கூடும் அழுத்தத்தை ஃபேர்னஸ் தாங்குமா என்று தொழில்நுட்பவியலாளரிடம் கேட்டுக்கொண்டு, புகை நாட்களில் விசிறியைத் தொடர்ந்து ஓடவிட்டு, வெளிக்காற்றை இழுக்கும் எச்.ஆர்.வி. என்ற காற்றோட்டக் கருவியை நிறுத்திவைத்தால் வீடு முழுவதற்கும் பயன் கிடைக்கும். நம்மவர்களில் எத்தனையோ குடும்பங்கள் வாடகைக்கு இருக்கும் நிலக்கீழ்த் தளங்களில், ஃபேர்னஸை இயக்கும் தெர்மோஸ்ரற் மேல்மாடிக்காரரின் கையில் இருக்கிறது. அவர்களுக்கு இந்த வழியைப் பரிந்துரைப்பதில் அர்த்தமில்லை.

உறக்கம் எளிதில் கலையும் ஒருவர் படுக்கும் சிறிய அறைக்கு, தாழ்ந்த வேகத்தில் சத்தமின்றி ஓடும் ஹெப்பா கருவியையே நானும் சொல்வேன். அம்மாவின் அறையில் இரவில் ஓடுவது இன்றும் அதுதான். புகையின் நாற்றமும் வாயுக்களும் போக வேண்டுமென்றால் தடித்த கரி வடிகட்டி வேண்டும், பெட்டி அதைச் செய்யாது. மலிவுக் கருவிகளில் உள்ள மெல்லிய கரிப் படலமும் விரைவில் நிறைந்துவிடும். எதை வாங்கினாலும், அதன் மாற்று வடிகட்டியின் விலையை முதலில் பார்த்து, மே மாதத்துக்குள் இன்னொரு தொகுதியை வாங்கி, உறை பிரிக்காமல் அலுமாரியில் வைத்துக்கொள்ளுங்கள்.