பாஸ்டன் டீ பார்ட்டி மியூசியம்: ஒரு டீ மேக்கர் பார்த்தது

பாஸ்டனில் காங்கிரஸ் ஸ்ட்ரீட் பாலத்தை ஒட்டி, தண்ணீரில் நிற்கும் கப்பல்களோடு இருக்கிறது இந்த மியூசியம். அமெரிக்கா பிரிட்டன் கையில் இருந்த காலத்தில், டீ வரியை எதிர்த்து பாஸ்டன்காரர்கள் கப்பலில் வந்த டீயைக் கடலில் கொட்டினார்களே, அந்தச் சம்பவத்துக்குப் பெயர்தான் பாஸ்டன் டீ பார்ட்டி. மகன் குடும்பத்தோடு போயிருந்தேன். குன்னூர் பக்கம் ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் கப்பலை விட்டுவிட்டு, கடைசியில் வருகிற டீ ரூமிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அபிகெயில்ஸ் டீ ரூம் என்று பெயர். 1773 டிசம்பர் 16 இரவு கடலில் கொட்டின ஐந்து ரகத்தையும் இங்கே ருசி பார்க்கலாம். போஹி, காங்கோ, சூசோங் மூன்றும் பிளாக் டீ. சிங்லோவும் ஹைசனும் கிரீன் டீ. எல்லாமே சீனாவிலிருந்து வந்த ரகங்கள். நீலகிரியில் தேயிலை பயிரானதே அதற்கு அடுத்த நூற்றாண்டில்தான். போஹியை வாயருகே கொண்டுபோனதுமே புகை வாசம் மூக்கில் ஏறியது. அந்தக் காலத்தில் அதுதான் மலிவுச் சரக்கு. கொட்டின 340 பெட்டியில் 240 பெட்டி போஹியே. ஹைசன் வெறும் 15 பெட்டி, உசத்தி ரகம். அதன் லிக்கர், அதாவது வடித்த டீ, வெளிர் மஞ்சளாக, தெளிவாக இருந்தது. லேசான இனிப்பு கடைசிவரை நின்றது. தயவுசெய்து அதில் பால் ஊற்றாதீர்கள்.

மியூசியத்தைச் சுற்றிக் காட்டுவது நாடக நடிகர்கள். உள்ளே நுழையும்போதே ஆளுக்கு ஒரு சீட்டு தருகிறார்கள். அதில் அன்றைக்கு அங்கே இருந்த ஒருவரின் பெயர் இருக்கும், நாம் அவராகிவிடுகிறோம். அந்த எதிர்ப்பின் தலைவர்களில் ஒருவரான சாமுவேல் ஆடம்ஸ் வேடத்தில் ஒருவர் கூட்டம் நடத்த, நாமும் சேர்ந்து கோஷம் போடலாம். பிறகு கப்பலில் ஏறிப் பெட்டியைத் தண்ணீரில் எறியலாம், கயிறு கட்டித் திரும்ப இழுத்துக்கொள்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். நிஜத்தில் கொட்டினது 92,000 ராத்தல், அதாவது பவுண்டு எடை. சராசரி போட்டால் பெட்டிக்கு 120 கிலோவுக்கு மேல். கப்பலின் அடித்தளத்திலிருந்து அத்தனையையும் தூக்கி, கோடரியால் உடைத்துக் கொட்டியிருக்கிறார்கள். ஃபேக்டரியில் மூட்டை ஏற்றிப் பார்த்தவனுக்குத்தான் அந்த உழைப்பு புரியும்.

வெளியே வரும்போது பேரன் கேட்டான், "தாத்தா, 1773-ல போட்ட டீ சட்டத்தால டீ விலை குறைஞ்சுதுன்னு சொன்னாங்களே, அப்புறம் எதுக்குக் கோபம்?"

சரியான கேள்வி. ஏலத்துக்குச் சரக்கு அனுப்பின அனுபவத்தில் எனக்குத் தெரிந்ததை அவனுக்குச் சொன்னேன். அதுவரை கிழக்கிந்தியக் கம்பெனி லண்டனில் ஏலம் விடும், வியாபாரிகள் எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்புவார்கள், அங்கே உள்ளூர் வியாபாரி வாங்கி விற்பார். ஆளுக்குக் கொஞ்சம் லாபம். 1773 டீ சட்டம் கம்பெனியே நேராகக் கப்பலில் அனுப்பலாம் என்றது, இங்கிலாந்தில் கட்டின வரியையும் திருப்பிக் கொடுத்தது. விற்கும் உரிமை கம்பெனி கைகாட்டின சிலருக்கு மட்டும். பாஸ்டனில் அந்தச் சிலரில் இரண்டு பேர் கவர்னர் ஹச்சின்சனின் சொந்த மகன்கள்! மற்ற வியாபாரிகள் வாயில் மண். டச்சு டீயைக் கடத்தி விற்றவர்களுக்கும் அதே கதி.

ஆனால் அமெரிக்காவில் இறக்கும்போது ராத்தலுக்கு 3 பென்ஸ் வரி அப்படியே இருந்தது. 1767-ல் கண்ணாடி, ஈயம், பெயின்ட், காகிதம், டீ எல்லாவற்றுக்கும் வரி போட்டார்கள், கொண்டுவந்த அமைச்சர் பெயரில் அது டவுன்ஷெண்ட் வரி. எதிர்ப்பு கிளம்பியதும் 1770-ல் மற்றதை எடுத்துவிட்டு டீயை மட்டும் விட்டுவைத்தார்கள், எங்களுக்கு வரி போடும் உரிமை உண்டு என்று காட்டுவதற்காக. லண்டன் நாடாளுமன்றத்தில் இந்த மக்களுக்கு ஒரு உறுப்பினர்கூட இல்லை. அந்த வரிப் பணத்திலிருந்தே கவர்னருக்குச் சம்பளமும் போனது. உள்ளூர் சட்டமன்றம் சம்பளம் கொடுத்தால்தானே கவர்னர் அவர்களுக்குக் கட்டுப்படுவார்? மலிவு டீயை வாங்கிக் குடித்தால் இத்தனைக்கும் தலையாட்டினதாகிவிடும். அவர்கள் கோபம் நியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

இந்தக் கம்பெனி நமக்கும் பழக்கமானதுதான், சென்னையில் ஜார்ஜ் கோட்டை கட்டின அதே கம்பெனி. அந்த வருஷம் அது கடனில் மூழ்கிக் கிடந்தது, டீ கிடங்கில் தேங்கிக் கிடந்தது. அரசாங்கம் 14 லட்சம் பவுண்டு கடன் கொடுத்துத் தூக்கி நிறுத்தியது. கூடவே வந்ததுதான் டீ சட்டம்.

கண்ணாடிக்குள் வைத்திருக்கும் ராபின்சன் பெட்டியை நின்று பாருங்கள். அன்றிரவு கொட்டின பெட்டிகளில் ஒன்று, மறுநாள் காலை கரையில் கிடைத்தது என்கிறார்கள். கையில் தூக்கிவிடலாம் போலச் சின்னது. பலகை மூலைகளை நெருங்கிப் பார்த்தேன், அந்த வயசுக்கு நன்றாகவே நிற்கிறது.

போகிறவர்களுக்குச் சில விஷயம். குழுக் குழுவாகத்தான் உள்ளே விடுவார்கள், நேரத்தை முன்கூட்டியே புக் பண்ணுங்கள். ஆங்கிலம் வேகமாகப் பேசுவார்கள்; வயதானவர்களைக் கூட்டிப்போனால் பத்திரம், பத்திரிகைக்கெல்லாம் வரி போட்ட 1765 ஸ்டாம்ப் சட்டத்திலிருந்து 1774-ல் பிரிட்டன் பாஸ்டன் துறைமுகத்தை மூடினதுவரை வீட்டிலேயே கதையைச் சொல்லிவிடுங்கள். டீயைக் கொட்டுவதற்கு முன் ஐயாயிரம் பேர்வரை கூடின ஓல்ட் சவுத் மீட்டிங் ஹவுஸ் நடக்கிற தூரத்தில் தனியாக இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிட்டு இங்கே வருவது நல்லது. டீயைப் பாக்கெட்டிலும் விற்கிறார்கள். நான் காங்கோ வாங்கினேன், காலையில் பால் இல்லாமல் குடிக்க அதுதான் ஒத்துவருகிறது.