மயிலாடுதுறை சனிக்கிழமை வேதபாட வகுப்பு: நான்கு வாரம் போய் வந்த அனுபவம்

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான இந்த லெந்து நாட்களில் மயிலாடுதுறையில் ஒரு வீட்டு மாடியில் நடந்த வேதபாட வகுப்புக்கு நான்கு சனிக்கிழமையும் தவறாமல் போனேன். மாலை 5 முதல் 7 வரை. நான்கு வாரத்துக்கும் சேர்த்து 200 ரூபாய், அதிலேயே கைப்புத்தகம், டீ, சுண்டல் எல்லாம் அடக்கம். மதத் தலைவர்களிடம் இயேசு ஏன் அப்படிச் சீண்டிப் பேசினார் என்பதுதான் நான்கு வாரத்துக்கும் பாடம். நடத்துகிறவர் போதகர் இல்லை, ஓய்வுபெற்ற தமிழாசிரியை, எல்லோரும் டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுகிறோம். எங்களைப் போன்ற லுத்தரன் சபைக்காரர்கள், வருஷாவருஷம் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற கத்தோலிக்கக் குடும்பங்கள், பெந்தெகொஸ்தே தம்பிகள் மூன்று பேர் என்று கலந்துதான் உட்கார்ந்திருந்தோம்.

முதல் வாரம் டீச்சரம்மா பேசவே ஆரம்பிக்கவில்லை. செய்தித்தாளை விரித்து அதில் ஒரு கைப்பிடி சீரகத்தைக் கொட்டி, முன்வரிசையில் இருந்த கல்லூரிப் பெண்ணைக் கூப்பிட்டு, பத்துக்கு ஒன்று தனியாக எடுத்து வை என்றார். காற்றில் பறக்கிறது என்று மின்விசிறியை நிறுத்தினோம். அந்தப் பெண் குனிந்து நகத்தால் ஒவ்வொன்றாகத் தள்ளுகிறாள், சுற்றி நின்ற நாங்கள் எல்லோரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு எண்ணுகிறோம், "அது ஒன்பதுதான்மா, இன்னொன்று தள்ளு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அஞ்சு நிமிஷம் ஆன பிறகுதான் பைபிளில் மத்தேயு 23-ஆம் அதிகாரத்தைத் திறக்கச் சொன்னார். ஒற்தலாம், வெந்தயம், சீரகம் வரைக்கும் பத்தில் ஒரு பங்கு தசமபாகம் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டீர்களே என்று பரிசேயர், வேதபாரகர் என்ற யூத மதத் தலைவர்களிடம் இயேசு சொன்ன வசனம். சின்ன வயதிலிருந்து கேட்டதுதான், ஆனால் அந்தத் தாளின் மேல் குனிந்திருந்த தலைகளில் என் தலையும் ஒன்று.

கத்தோலிக்கர்கள் கையில் இருந்த பொது மொழிபெயர்ப்பில் அதே இடத்தில் புதினா, சோம்பு, சீரகம் என்று வருகிறது. அந்தத் தலைவர்களை இயேசு கூப்பிடுகிற சொல் எங்கள் பைபிளில் 'மாயக்காரர்', அவர்களுடையதில் 'வெளிவேடக்காரர்'. கிரேக்க மூலத்தில் அந்தச் சொல்லுக்கு மேடை நடிகன் என்று பொருளாம், அப்படிப் பார்த்தால் வெளிவேடம்தான் நெருக்கம் என்று டீச்சரம்மா தயங்காமல் சொன்னார். இரண்டு மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிற வாய்ப்பு எங்கள் ஊரில் வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

இரண்டாவது வாரம் ஓய்வுநாள், யூதர்கள் வேலை செய்யாமல் ஆசரிக்கிற வாரத்தின் ஏழாம் நாள். தாளடி அறுப்பு முடிந்த நேரம், வகுப்புக்கு வந்த ஒரு விவசாயி ஐயா நாலு கதிர் கொண்டு வந்திருந்தார். உருவி, உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, உமியை ஊதிக் காட்டினார். ஓய்வுநாளில் வயல் வழியாகப் போனபோது இயேசுவின் சீஷர்கள் செய்தது இவ்வளவுதான், அதைத்தான் பரிசேயர் குற்றம் சொன்னார்கள். அடுத்தவன் வயலில் கையால் கதிர் கொய்யலாம், அரிவாள்தான் வைக்கக் கூடாது என்று உபாகமம் 23-லேயே அனுமதி இருக்கிறது, அதனால் திருட்டு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பறித்தால் அது அறுப்பு, கசக்கினால் போரடிப்பு. பிற்பாடு யூத ரபிகள் தொகுத்த மிஷ்னாவில் ஓய்வுநாளில் விலக்கிய 39 வேலைகளில் இந்த இரண்டும் இருக்கின்றன. இயேசு அந்தக் கணக்குக்குள் நுழையவே இல்லை, பசித்தபோது தாவீது, ஆசாரியர் மட்டுமே சாப்பிடக்கூடிய தேவசமுகத்து அப்பத்தையே சாப்பிடவில்லையா என்று திருப்பிக் கேட்டார். ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டானது என்ற வார்த்தை அந்த நாலு கதிரிலிருந்து பிறந்தது.

மூன்றாவது வாரம் நல்ல சமாரியன், அடிபட்டுக் கிடந்தவனை ஆசாரியனும் லேவியனும் விட்டுப்போக, யூதர்கள் ஒதுக்கிய சமாரியன் ஒருவன் காப்பாற்றுகிற கதை, கொஞ்சம் அவசரமாகப் போய்விட்டது. ஆனாலும் ஒரு விஷயம் மனதில் நின்றது. மூவரில் அவனுக்குப் பிறனாக, அதாவது அயலானாக, இருந்தவன் யார் என்று இயேசு கேட்டதும், அவரைச் சோதிக்க வந்த நியாயசாஸ்திரி, யூதச் சட்டம் படித்தவன், 'சமாரியன்' என்று வாய்திறந்து சொல்லவில்லை, 'இரக்கஞ்செய்தவனே' என்று சுற்றி வளைத்தான். பதிலை அவன் வாயாலேயே வரவழைத்ததுதான் இயேசுவின் சீண்டல். எந்தச் சாதிப் பெயரைச் சொல்ல நம் நாக்கு இப்படி வளைகிறது என்று டீச்சரம்மா கேட்டபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

கடைசி வாரத்துக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மாற்கு 12, ஆலயக் காணிக்கைப் பெட்டியில் ஏழை விதவை போட்ட இரண்டு காசு. காணிக்கைப் பிரசங்கம் என்றாலே எல்லாச் சபையிலும் இதுதான். டீச்சரம்மா அதற்கு முந்தின வசனத்தைப் படிக்கச் சொன்னார்: விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகர். அப்புறம் அடுத்த அதிகாரத்தின் முதல் இரண்டு வசனம்: ஆலயத்தின் கல் ஒன்றின்மேல் ஒன்று நிற்காது. நடுவில் அந்த அம்மாள் தன் ஜீவனத்துக்கு உண்டாயிருந்ததையெல்லாம் போட்டுவிட்டுப் போகிறாள். சமாரியன் கதையில் 'நீயும் போய் அந்தப்படியே செய்' என்று சொன்ன இயேசு இங்கே அப்படிச் சொல்லவில்லை. அவள் விசுவாசம் பெரியதுதான், ஆனால் அவளைக் கடைசிக் காசு வரைக்கும் கொடுக்க வைத்தவர்கள் மேல்தான் இயேசுவின் கோபம் என்றார் டீச்சரம்மா. தரங்கம்பாடியில் ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் 1708-ல் ஒரு நாவிதரின் விதவைக்காகக் கடன் வழக்கில் பேசப் போய், டேனிஷ் கோட்டை அதிகாரியின் பகையைத் தேடிக்கொண்டு நான்கு மாதம் சிறையில் இருந்ததையும் சொன்னார்.

எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. ஒரு சபையின் கட்டட நிதிக்கு அம்மா தன் விதவை பென்ஷனிலிருந்து மாதம் 500 ரூபாய் உறையில் போட்டுக் கொடுத்தார், மூன்று வருஷம். 25,000-க்கு மேல் கொடுத்தவர்கள் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. அம்மா பெயர் இல்லாதது எனக்கு வருத்தமில்லை. அந்த மூன்று வருஷமும் பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டிருக்கிறார், அதை அங்கே யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பரிசேயரைத் திட்டி நம்மைத் தட்டிக்கொடுக்கிற வகுப்பு இல்லை இது. இயேசு யூதர், பழைய தீர்க்கதரிசிகளான ஆமோஸும் ஏசாயாவும் பேசிய அதே பேச்சைத்தான் தன் சொந்த ஜனத்திடம் பேசினார், பரிசேயர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார், ஏரோது உம்மைக் கொல்லப் பார்க்கிறான் என்று வந்து எச்சரித்ததும் பரிசேயர்தான் (லூக்கா 13). வேறு மதத்தாரைக் குத்திக்காட்ட இந்த வசனங்களை எடுக்காதீர்கள் என்று டீச்சரம்மா நான்கு வாரமும் சொன்னார். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

குறைகள்: கைப்புத்தகத்தில் எழுத்து ரொம்பப் பொடி, வயதானவர்கள் பக்கத்தில் இருப்பவரைப் படிக்கச் சொன்னார்கள். கேள்வி கேட்கப் பத்து நிமிஷம்தான், பத்தவே பத்தாது. ஆலயத்தில் வியாபாரிகளின் மேசைகளை இயேசு கவிழ்த்த சம்பவத்துக்கு ஒரு வாரம் முழுசாகக் கொடுத்திருக்கலாம், புறா விற்றவர்களைப் பற்றி அரைப் பக்கத்தோடு விட்டுவிட்டார்கள், புறா ஏழைகளின் பலி, இயேசுவின் தாய் மரியாளும் அதைத்தான் கொடுத்தாள் என்பதையெல்லாம் நான் வீட்டில் வந்து படித்துத் தெரிந்துகொண்டேன். ஆறரைக்கு மேல் கொசு. காரைக்கால் பக்கம் போகிறவர்கள் பஸ்ஸை முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கொடுத்த 200 ரூபாய்க்குக் கிடைத்தது மிகவும் அதிகம். அமைதியாக ஜெபித்து ஆறுதல் பெற வருகிறவர்களுக்கு முதல் வாரம் கஷ்டமாக இருக்கும், இரண்டாவது வாரமும் வாருங்கள். அடுத்தது கிறிஸ்துமசுக்கு முன்னால் நடத்துவதாகச் சொன்னார்கள். அம்மாவையும் கூட்டிப்போகப் போகிறேன். மாடிப்படி ஏற அவரால் முடியாது, கீழே ஹாலில் வைக்க முடியுமா என்று கேட்டேன், சரி என்றார்கள்.