ஏழு வருஷம் உழைத்த ஹார்டு டிஸ்க் ஒயரும் அதன் பவர் அடாப்டரும்

போன வாரம் நண்பன் போன் பண்ணினான். "மாப்ள, பழைய கம்ப்யூட்டர் டிஸ்க்கை லேப்டாப்ல சொருகிப் பார்க்க ஒரு ஒயர் வெச்சிருப்பியே, அது எப்படி? வாங்கலாமா?" சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. இரண்டு நாள் முன்புதான் அந்த ஒயரின் பவர் அடாப்டரை மெக்கானிக் கடையில் கொடுத்துச் சரி பண்ணி வாங்கி வந்திருந்தேன். கோபம் ஆறவில்லை. அவனிடம் சொன்னதைவிடக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

2018-ல் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கியது. ஒரு முனையில் யூஎஸ்பி, மறுமுனையில் மூன்று வாய்: பெரிய ஐடிஇ (பழைய வகை இணைப்பு) டிஸ்க்குக்கு 40 பின், லேப்டாப் ஐடிஇ டிஸ்க்குக்கு 44 பின், அப்புறம் அதற்குப் பின் வந்த சாட்டா வகைக்கு ஒன்று. கூடவே தனியாக ஒரு பவர் அடாப்டர். இதுவரை பதினொரு டிஸ்க் போட்டிருக்கிறேன். அக்கா வீட்டுக் கல்யாணப் படங்கள், மச்சானுடைய கடைக் கணக்கு, தெருக்காரர்கள் கொண்டு வந்த செத்த லேப்டாப்புகள் என்று எல்லாவற்றுக்கும் முகம் கொடுத்திருக்கிறது. ஒயர் ஒரு தடவைகூட என்னைக் கைவிட்டதில்லை. பின் வளையவில்லை, பிளாஸ்டிக் விரியவில்லை.

என் சண்டை எல்லாம் அந்த அடாப்டரோடுதான்.

அப்பா தமிழாசிரியர். 2003-ல் வாங்கிய கம்ப்யூட்டரில் எங்கள் பக்கத்து ஊர்ச்சொற்களை ஒவ்வொன்றாகத் தட்டி வைத்தார். வெஞ்சனம், பைய, ஆக்கங்கெட்ட என்று, யார் வாயில் எந்த இடத்தில் கேட்டது என்ற குறிப்போடு. அவர் போன பிறகு அந்த கேபினட் பரணில் கிடந்தது. இந்த வருஷம் மார்ச்சில் இறக்கி, 40 ஜிபி டிஸ்க்கைக் கழற்றி, பின்களில் சொருகும் குட்டி மூடியான ஜம்பரை 'மாஸ்டர்', அதாவது முதல் டிஸ்க், என்ற இடத்தில் வைத்து (சில கம்பெனி டிஸ்க்குக்குத் தனியாக ஓடும்போது ஜம்பரையே எடுத்துவிட வேண்டும், டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் படத்தைப் பாருங்கள்) மாட்டினேன். சுற்ற ஆரம்பித்தது. டிக். டிக். நின்றது. மறுபடி சுற்றியது, டிக், நின்றது.

டிக் சத்தம் வந்தால் ஹெட் (தகவலைப் படிக்கும் முனை) போச்சு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் அதையே நம்பினேன். ரெக்கவரி செய்கிற ஒரு இடத்தில் விலை கேட்டேன், என் கைக்கு எட்டவில்லை. டிஸ்க்கை ஒரு துண்டில் சுற்றி பீரோவில் அப்பாவின் வேட்டிகளுக்கு நடுவே வைத்துவிட்டேன். மூன்று மாதம் அந்தப் பீரோவைத் திறக்கும்போதெல்லாம் மனசு கனத்தது.

ஜூனில் வேறொருவருடைய பெரிய டிஸ்க் வந்தது. முதல் நாள்வரை அவர் மேஜைக் கம்ப்யூட்டரில் ஓடிய டிஸ்க். அதுவும் டிக், டிக். அப்போதுதான் பொறி தட்டியது. மல்டிமீட்டரை எடுத்து அடாப்டரை அளந்தேன். சும்மா இருக்கும்போது மஞ்சள் ஒயரில் 12 வோல்ட் சரியாக இருந்தது. டிஸ்க்கை மாட்டி மோட்டார் கிளம்பிய நொடியில் 9-க்கும் கீழே விழுந்தது.

விஷயம் இதுதான். 3.5 அங்குல டிஸ்க்கில் தட்டைச் சுற்றும் மோட்டாருக்கு 12 வோல்ட், சர்க்யூட்டுக்கு 5 வோல்ட். கிளம்பும் அந்தச் சில நொடிகளில் 12 வோல்ட் பக்கம் 2 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், வேகம் பிடித்தபின் அதில் கால்வாசி, அரைவாசிதான். என் அடாப்டரின் முதுகில் அச்சடித்திருப்பதே 2 ஆம்பியர். மிச்சம் மீதி எதுவும் இல்லாத கணக்கு. உள்ளே கரண்ட்டைச் சீராக்கும் ஒரு கெப்பாசிட்டர் உப்பிப் போனதும் அதுவும் கிடைக்கவில்லை. வேகம் வராததால் டிஸ்க் திணறித் திணறி நின்றிருக்கிறது. 2.5 அங்குல லேப்டாப் டிஸ்க்குகளுக்கு 5 வோல்ட் மட்டும் போதும். நடுவில் இரண்டு வருஷம் என்னிடம் வந்ததெல்லாம் அவைதான். அதனால் கோளாறு வெளியே தெரியவே இல்லை.

மெக்கானிக் கெப்பாசிட்டரை மாற்றிக் கொடுத்தார். "சார், டிஸ்க்கு மேல பழி போடுறதுக்கு முன்னாடி கரண்ட்டைப் பாருங்க" என்றார். அவர் சொன்னது நியாயம். ஆனால் இந்த அடாப்டரைச் செய்தவர்கள்மேல் எனக்கு இருக்கும் ஆத்திரம் அதனால் குறையாது. ஃப்ரீசரில் வை, மூடியைக் கழற்று என்று அப்போது யோசனை சொன்னவர்கள் உண்டு. அதில் ஒன்றைச் செய்திருந்தால்? நன்றாக இருந்த டிஸ்க்கில் ஈரமும் தூசியும் ஏறி, அப்பாவின் எழுத்து என் கையாலேயே போயிருக்கும். ஒரு பொட்டு கெப்பாசிட்டரில் மிச்சம் பிடித்ததற்கு இதுவா விலை?

சரி, பழுது பார்த்த அடாப்டரில் மாட்டி அப்பாவின் டிஸ்க்கைத் திறந்த கதைக்கு வருகிறேன். முதலில் பவர், சுற்றல் சத்தம் சீரானதும் யூஎஸ்பி, இதுதான் வரிசை. நடுவில் பவர் ஆடினால் "ஃபார்மேட் செய்யவா" என்று விண்டோஸ் கேட்கும், கேன்சல் மட்டுமே அழுத்துங்கள். டிரைவ் வந்தது. டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸுக்குள் அப்பா பெயரிலுள்ள ஃபோல்டரைத் தொட்டால் அனுமதி இல்லை என்றது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்து என்டிஎஃப்எஸ் (ஃபைல்களை அடுக்கும் ஒரு முறை) டிஸ்க்குகளில் இது வழக்கம். ஃபோல்டர் பழைய கம்ப்யூட்டரின் பயனருக்குச் சொந்தம், புதியதில் அந்த ஆளே இல்லை. விண்டோஸ் 98 காலத்து ஃபேட்32 என்ற பழைய முறை டிஸ்க்கில் இந்தப் பூட்டு கிடையாது. ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு போய் ஓனரை மாற்றினால் திறக்கும். ஆனால் அப்படி மாற்றுவது அந்த டிஸ்க்கிலேயே எழுதுகிற வேலை. இருபது வயது டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட எழுத எனக்கு மனமில்லை. பென்டிரைவில் லினக்ஸ் (விண்டோஸுக்கு மாற்று) கிளப்பி, டிஸ்க்கைப் படிக்க மட்டும் என்று இணைத்தேன். இந்த அனுமதிகளை அங்கே யாரும் கேட்பதில்லை. எல்லாம் நகலாகி வந்தன.

வேர்டு ஃபைலைத் திறந்தால் ஒரே ஆங்கில எழுத்தும் மேலே கொம்பு முளைத்த எழுத்துமாக இருந்தது. யூனிகோடுக்கு (இன்று எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) முந்தைய எழுத்துரு. 1999-ல் தமிழ்நாடு அரசு ஏற்ற டாம், டாப் குறியீடுகளின் காலம் அது. எழுத்துரு எங்கே கிடைக்கும் என்று தவித்துவிட்டு, பிறகு உறைத்தது: டிஸ்க் முழுக்க என் கையில் இருக்கிறதே! விண்டோஸ் ஃபோல்டரில் ஃபான்ட்ஸைத் திறந்தேன். அப்பா போட்ட டாம் எழுத்துரு அங்கேயே இருந்தது. அதை நிறுவியதும் "வெஞ்சனம்" என்று திரையில் வந்தது. "ஆச்சி சொல்லக் கேட்டது" என்று பக்கத்தில் அவர் குறிப்பு. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிறகு என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற எழுத்து மாற்றும் மென்பொருளில் போட்டு யூனிகோடாக மாற்றி மூன்று இடத்தில் சேமித்துவிட்டேன்.

இத்தனையும் இந்த ஒயர் வழியாகத்தான் வந்தது. ஏழு வருஷத்துக்கு அது கேட்ட பணம் ஒன்றுமே இல்லை. இருந்தாலும் நண்பனிடம் "வாங்காதே" என்றுதான் சொன்னேன். பெட்டிக்குள் அந்த அடாப்டரும் வரும், நீயும் டிக் சத்தத்தைக் கேட்டு டிஸ்க்கைக் குப்பையில் போடுவாய். ஞாயிற்றுக்கிழமை டிஸ்க்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா. அப்பாவின் பழைய கேபினட்டிலிருந்து கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றித் துடைத்து வைத்திருக்கிறேன். மல்டிமீட்டர் வைத்து லோடோடு பார்த்துவிட்டேன், 12 வோல்ட் அசையவில்லை. பவர் அதிலிருந்து கொடுப்போம்.